ஏனாதிநாதர் தோற்றாரா?

சென்ற புரட்டாசித் திங்கள் உத்திராட நன்னாளில், ஏனாதிநாத நாயனார் குருபூசையை முன்னிட்டு ஓரூரிற் கூடிய அடியார் கூட்டத்திற்கு யானும் சென்றிருந்தேன். ஆங்குச் சொற்பொழிவாற்றிய அன்பர் ஒருவர், ஆங்கிலக் கல்வியும் தமிழ்ப் பட்டமும் ஒருங்கே உடையவர், நாயனார் வரலாற்றை ஒருவாறு கூறி முடித்தபின், "இனி என் சொந்தக் கருத்தைச் சொல்லுகிறேன்" என்று தொடங்கி மூன்று குற்றங்களை அப்பெருமான்மேற் சுமத்தினார். முதனாட் போரிலே தம்பொருட்டு உயிர் துறந்த மாணாக்கரையும் சுற்றத்தாரையும் மறந்து, மறுநாட் பகைவன் வாளுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தது நன்றி மறந்த செயல் என்பது ஒன்று. நெற்றியிற் பூசிய நீறு கண்ட துணையானே கொடியவனை உய்ந்துபோக விட்டது வஞ்சகர்க்கெல்லாம் வழி திறந்துவிட்டது என்பது மற்றொன்று. கைவாளை ஓச்சவும் மாட்டாது, கீழேயிடவும் மாட்டாது நின்றது துணிவின்மை என்பது மூன்றாவது. "வாளாசிரியர் என்ற முறையில் ஏனாதிநாதர் தோற்றார், பக்தர் என்ற முறையில் வேண்டுமானால் வென்றார் எனலாம்" என்று முடித்தார். கூட்டத்திற் பலர் கைதட்டினர். குருபூசையிற் கைதட்டும் வழக்கம் எக்காலத்துப் புகுந்ததோ அறியேன். அது கிடக்க.

அன்று யான் மறுமொழி கூறாதிருந்தேன். மகேசுர பூசைக்கு இலை போட்டாயிற்று. பசித்திருந்த அடியாரை இருத்தி வைத்து வாதம் புரிதல் முறையன்று. பின்னரும் வாளாவிருந்திருப்பேன். ஆனால் மூன்றாம் நாட் காலையில் என் இல்லம் தேடி வந்த சிலம்பாசான் ஒருவர் கூறியதைக் கேட்டபின் எழுதாதிருத்தல் பிழையென்று உணர்ந்தேன்.

அவருடைய கூடத்து மாணாக்கர்க்கும் பக்கத்தூர்க் கூடத்து மாணாக்கர்க்கும் தேர்த்திருவிழாவில் எழுந்த கலகத்தில் அவருடைய மாணாக்கன் ஒருவன் ஒரு கண்ணை இழந்தான். அடித்தவன் எதிர்க்கூடத்து ஆசானின் மகன். ஆட்டத்தில் தோற்ற பின்னர், கோல் தாழ்த்திய பின்னர், அடித்தான் என்பது இவர்கள் வழக்கு. அன்றுமுதல் இவர் மாணாக்கர் பழிக்குப் பழி என்று துடித்துக்கொண்டிருந்தனர். இவரோ ஏனாதிநாதர் வரலாற்றைச் சொல்லிச் சொல்லியே அவர்களைத் தடுத்து வைத்திருந்தார். குருபூசைக்கும் அவர்களை அழைத்து வந்தவர் அவரே. திரும்பிச் செல்லும் வழியில் மாணாக்கர் அவரை நோக்கி, "படித்தவரே ஏனாதிநாதர் தோற்றார் என்கிறாரே, நாமும் தோற்கத்தான் வேண்டுமா?" என்று கேட்டனராம். "ஐயா, அவர் தோற்றாரா? ஆம் என்றால் ஆம் என்றே சொல்லிவிடுங்கள். இனிமேல் என் பிள்ளைகளை நிறுத்தி வைக்க என்னால் ஆகாது" என்றார் ஆசான். சொற்பொழிவாளர்க்கு ஒரு மாலைப்பொழுது கழிந்தது. இவர்க்கோ ஒரு கூடத்தின் இளைஞர் உயிர்கள் கையில் நிற்கின்றன.

இனிப் பொருளை ஆராய்வாம்.

பகை யாது பற்றி எழுந்தது? சொற்பொழிவாளர் அதனைச் சமயப்பகை போலப் பேசினார். அது தவறு. எயினனூரில் எழுந்தது தொழிற்பகை. குடந்தைக்குத் தென்கிழக்கே உள்ள ஏனநல்லூரே பண்டை எயினனூர் என்பர். அவ்வூரில் ஈழக்குலச் சான்றாராகிய நாயனார் அரசர்க்கு வாட்படை பயிற்றி, அதனால் வரும் பொருளை அடியார்க்கே ஆக்கி வாழ்ந்தார். ஏனாதி என்பது படைத்தலைமை பூண்டார்க்கு அரசர் வழங்கிய சிறப்புப் பெயர். ஏனாதி திருக்கிள்ளி என்பானைப் புறநானூற்றிலும் காண்கின்றோம். அதிசூரன் என்பானும் அதே வாட்டொழிலை உடையவன். அத்தொழிலுரிமையில் வழிவழியாகப் பங்குடைய தாயத்தினன். தாயம் என்னுஞ் சொல்லை ஈண்டு ஊன்றி நோக்குக. மரபுவழி வரும் உரிமை தாயம். அதிற் பங்குடையார் தாயத்தார். தாயாதிக் காய்ச்சல் என்று இன்றும் நம் வீடுகளில் வழங்குகின்றோமே, அக்காய்ச்சலே அதிசூரனைப் பிடித்தது. தன்னிற் சிறந்த வாள்வீரர் இல்லையெனத் தருக்கியிருந்த அவன், நாடோறும் தன் வருவாய் தேய, நாயனார் வருவாய் வளரக் கண்டான். மாணாக்கர் அவரிடம் சென்றனர். இவனிடம் வருவார் குறைந்தனர். பகைவரும் போற்றும் ஒழுக்கமுடையவர் நாயனார் என்று சேக்கிழார் பெருமான் முன்னரே கூறி வைத்திருப்பதால், இக்குறைவுக்கு நாயனார் செய்த சூழ்ச்சி ஒன்றும் இல்லை என்பது தெளிவு.

குலப்பெயரைப் பற்றிக்கொண்டு இக்காலத்தார் சிலர் வேறு வழக்காடுவர். தாயத்தான் தாயத்தானைப் பகைத்த கதையில் ஒரு குலத்தை உயர்த்தவும் மற்றொன்றைத் தாழ்த்தவும் இடம் எங்கே உளது என்பது எனக்கு விளங்கவில்லை. அதனை விடுத்து மேற்செல்வாம்.

அதிசூரன் தன் சுற்றத்தோடும் படைக்கல மாக்களோடும் நாயனார் வாயிலில் வந்து நின்று போர்க்கு அழைத்தான். புலி கிடக்கும் குகைவாயிலில் நரி சென்று கூவியதற்கு ஆசிரியர் இதனை ஒப்பிடுகின்றார். அவன் அழைத்த அழைப்பில் ஒரு முறைமை இருந்ததை மறுத்தற்கில்லை. இருவர் படையும் வெளியிடத்து எதிர்ந்து பொருவது. சாயாது நிற்பவரே வாள் பயிற்றும் உரிமையைக் கொள்வது. இஃது அன்று அவர்தம் தொழிலில் நின்ற வழக்குப்போலும். நாயனார் இதற்கு இசைந்தார். இசையாதிருந்திருக்கலாமே எனின், வாயிலில் வந்து அழைத்தவனுக்கு முகங்கொடாதவர் அப்பால் எம்முகத்தால் மாணாக்கர்க்கு வாள் பயிற்றுவது? பெரும்போர் நிகழ்ந்தது, இரு பக்கத்தும் பலர் மடிந்தனர். இறுதியில் அதிசூரன் தானே நாயனாரை எதிர்ந்து, அவருடைய வாள் வட்டணைக்கு ஆற்றாது, உயிர் தப்பிப் புறமிட்டோடினான்.

ஓடியவனைத் தொடர்ந்து சென்று வெட்டினார் என்று புராணம் கூறவில்லை. புறங்கொடுப்பார்மேல் வாளோச்சாமையைத் தழிஞ்சி எனத் துறையாக வகுத்துப் பேசுகின்றது புறப்பொருள் வெண்பாமாலை. நாயனார் வாள் அன்று அவ்வரம்பில் நின்றது. வழக்குத் தீர்ந்தது; உரிமை யாருடையது என்பது உலகறிய முடிந்தது. வாளாசிரியராக ஏனாதிநாதர் வெற்றி பெற்றது அன்றைக்கே. ஆகவே, "வாளாசிரியர் என்ற முறையில் தோற்றார்" என்னும் கூற்று, பந்தயம் முடிந்து பரிசும் கொடுத்த பின்னர் வேறொரு நாள் நிகழ்ச்சியைக் கொண்டு முதனாள் முடிவை மாற்றுவதாகும்.

அன்றிரவு உறங்காதவன் அதிசூரனே. பழி என்னும் நோய் தோற்றவன் நெஞ்சிலேதான் குடிபுகும். நேரிய போரில் வெல்லலாகாதெனக் கண்டான். வஞ்சத்தால் வெல்வல் எனத் துணிந்தான். விடியலில் ஆள் விடுத்து, நம் பொருட்டுப் பிறர் மடிவானேன், துணைவர் இன்றி நாம் இருவருமே வேறோரிடத்துப் பொருவோம் என்று சொல்லியனுப்பினான். இச்சொல் எத்துணை அழகியது பாருங்கள்! அருளுடையார் சொல்லத்தக்க சொல் அது. தீயோர் நல்லோரை வீழ்த்த நேரும்பொழுது தம் சொல்லைக் கொண்டு வருவதில்லை, நல்லோர் சொல்லையே இரவல் வாங்கி வருவர்.

இனி முதற் குற்றச்சாட்டு. மாண்ட மாணாக்கரை மறந்தார் என்பது. இவ்வினா எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கின்றேன். சைவப் பேச்சாளர் பலர் இதனைக் கேளாதவர்போற் கடந்து செல்வது எனக்கும் உடன்பாடன்று. ஒருவர் வாயிலில் நின்று அவர்க்காக மார்பில் வாளேற்றவன் மனைவி, மறுநாள் அவர் பகைவனைக் கொல்லாது தாமே மடிந்தார் என்று கேட்டால், அவள் நெஞ்சம் என்படும்? கேட்க வேண்டிய கேள்வியே.

ஆயினும் நூலைக் கொண்டு விடை காண்போம். மாண்டவர் எதற்காக மாண்டனர்? அதிசூரன் தலையைக் கொய்வதற்காக அன்று. தம் ஆசிரியர் உரிமையைக் காப்பதற்காக. அவ்வுரிமை அவர் குருதியாலே காக்கப்பட்டது. அவர்க்குச் செய்யவேண்டிய கடன் முதனாள் மாலையிலேயே தீர்ந்தது. பின்னும் ஓர் உயிரை வாங்கி அவர் பேரில் வரவு வைப்பது, அவர் கேளாத கடனை அவர்க்குக் கொடுப்பதாம். மேலும், இரண்டாம் அழைப்பு வந்தபோது நாயனார் செய்தது யாது? சுற்றத்தார் ஒருவரும் அறியாவண்ணம் வாளும் பலகையும் தாமே எடுத்துக்கொண்டு தனியே புறப்பட்டார். அறிவித்திருந்தால் எஞ்சிய மாணாக்கர் வாளா இருந்திருப்பரா? அவரைத் தொடர்ந்திருப்பர், மறைந்து நின்றேனும் காத்திருப்பர், மீண்டும் களம் சிவந்திருக்கும். மாண்டவரை மறந்தவர் செய்கையன்று இது. மாண்டவரை நினைந்தமையாலேயே இன்னும் ஒருவர் மாளலாகாதென்று கருதியவர் செய்கை. மாணாக்கரிடத்து ஆசிரியன் காட்டும் பற்றுக்கு இதனின் மேலாவது யாது உளது? சொற்பொழிவாளர் இச்செய்யுளை விட்டுவிட்டார். குன்றக் கூறல் நூற்குற்றம் பத்தனுள் முதலாவது என்பதை அவர் அறிவார்.

மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை இதனோடு ஒப்பு நோக்குக. அங்கும் நீற்றுக் கோலத்தில் வந்த முத்தநாதன் படைக்கலத்தை மறைத்துக் கொணர்ந்தான். அங்கே தத்தன் என்னும் காவலன் அருகிருந்தான், வாளை ஓங்கினான், வீழும் நிலையிலும் அரசர் அவனைத் தடுத்தார். அதுமட்டோ? கொன்றவனை ஊர் கடத்திவிடும் பணியையும் அவன்மேலேயே வைத்தார். திரண்டெழுந்த நகரமக்களை விலக்கிப் பகைவனுக்கு வழிகாட்டிச் சென்ற தத்தன் பற்றுடையவனா, அங்கேயே அவனை வெட்டியிருப்பின் பற்றுடையவனா? தலைவன்மேற் பற்று என்பது தலைவனுக்காகச் சினத்தல் என்று நினைப்பார்க்குத் தத்தன் விளங்கான். திருக்கோவலூரில் தடுப்பதற்குத் தத்தன் ஒருவன் இருந்தான். எயினனூரில் ஒருவரும் இல்லாதபடி நாயனார் முன்னரே செய்துகொண்டார். வேறுபாடு இவ்வளவே.

இரண்டாம் குற்றச்சாட்டு நீற்றைப் பற்றியது. முன் ஒரு நாளும் நீறணியாத அதிசூரன், நீறணிந்தார்க்கு நாயனார் தீங்கு செய்யார் என்பதை அறிந்தே நெற்றி நிறையப் பூசி, நெஞ்சிலே கறுப்பை வைத்துக்கொண்டு, பலகையால் முகத்தை மறைத்து வந்தான். வாள் அவன்மேற் செல்லும் அணுக்கத்திலே பலகையை விலக்கினான். நாயனார் கண்டார். நேற்றுவரை இவரிடத்துக் காணாத நீற்றின் பொலிவை இன்று காண்கின்றேன், இவர் இறைவர்க்கு அடியவர் ஆயினார் என்று துணிந்தார்.

சித்தாந்தம் கற்றோர் இங்கு ஓர் ஐயம் எழுப்பலாம். சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம், மயக்கம் நீங்கி அன்பு முதிர்ந்தாருடைய திருவேடத்தையன்றோ சிவமெனக் கண்டு வழிபடச் சொல்லுகின்றது. அன்பின் நிழலும் படியாத அதிசூரன் வேடம் அவ்விதியுள் எவ்வாறு அடங்கும் என்பது அது. நல்ல ஐயம். விடை வருமாறு: அன்பு முதிர்ந்ததோ இல்லையோ என்பது நெஞ்சின்கண் உள்ளது, வேடம் கண்ணின்கண் உள்ளது. பிறர் நெஞ்சைச் சோதித்துத் தேறிய பின்னரே வணங்குவேன் என்பான் ஒருநாளும் ஒருவரையும் வணங்கான். அன்றியும், சத்திநிபாதம் இன்ன நாழிகையில் இன்னார்க்கு நிகழும் என்று வரையறுப்பார் யார்? மலபரிபாகம் வந்தவழி ஓரிரவு போதும். நேற்றுப் புறமிட்டோடியவன் இரவெல்லாம் உறங்காது விழித்திருந்து விடியலில் நீறணிந்து வருவானாயின், அவன் மனந்திரும்பியே வந்தான் என்று கொள்வதற்கு இடம் உண்டன்றோ? உண்மையில் அவன் திரும்பவில்லை. ஆயினும் நாயனார் அவனுக்கு அவ்விடத்தைக் கொடுத்தார். பழி கொள்வான் பகைவனை நேற்றைய நாளிலேயே கட்டி வைக்கின்றான். இன்று அவன் வேறொருவனாகியிருத்தல் கூடும் என்பதை எண்ணவும் அஞ்சுகின்றான்.

வஞ்சகர்க்கு வழி திறந்தார் எனின், அன்று. நீறணிந்த கள்வனை முறைமன்றம் விடுவிக்கவேண்டும் என்று இப்புராணம் கூறவில்லை. நாயனார் கொடுத்தது பிறர் பொருளை அன்று, பிறர் உயிரை அன்று, தம் உயிரை. பிறன் கண்ணைக் கொடுத்துத் தான் பொறுமையுடையான் எனப் பெயர் வாங்குதல் ஒருவர்க்கும் அறமாகாது. இதனை ஆசானுக்கும் சொன்னேன்: கண்ணிழந்த பிள்ளைக்காக வழக்குமன்றம் செல்வது தவறன்று; அது பழிகொள்ளுதலும் அன்று.

இங்கே நம்மவர் சிலர்க்கும் ஒரு சொல். நீறணிந்தமையால் அதிசூரனும் முத்தி பெற்றான் என்று கதை வளர்ப்பாரை மேடைகளிற் கேட்டிருக்கின்றேன். சேக்கிழார் பெருமான் அவ்வாறு கூறவில்லை. கொன்று முடித்த இடத்திலும் அவனைப் பாதகன் என்றே குறிக்கின்றார். இறைவர் வெளிப்பட்டருளியது நாயனார்க்கே. அதிசூரன் பின்னர் என்னானான் என்பதைப் புராணம் பேசவேயில்லை; நாமும் பேசலாகாது. வேடத்தை வணங்குதல் வேறு, வேடதாரியின் வஞ்சத்தைப் புண்ணியமாக்குதல் வேறு. இவ்விரண்டையும் குழைத்துப் பேசுவோரே சொற்பொழிவாளர் போன்றார்க்கு வாய் திறந்து கொடுக்கின்றனர்.

மூன்றாவது குற்றச்சாட்டுத்தான் என்னை மிகவும் வருத்தியது. வாளை ஓச்சாமலும் விடாமலும் நின்றது துணிவின்மையாம்! நாயனார் முதலில் வாளையும் பலகையையும் நீக்கிவிடவே கருதினார். கருதியவர், படையில்லாதாரைக் கொன்றார் என்னும் பழி இவரைச் சேருமே என்று நினைந்து, அவை கையிலிருக்கப் பொருவார்போல எதிர்நின்றார். வாளை விட்டிருப்பின் என்ன ஆகும்? கண்டார், கேட்டார் அனைவரும் அதிசூரனை இழித்துரைப்பர். நாயனாரை அருளாளர் என்பர். வாளோடு வீழ்ந்தமையால் என்ன ஆகும்? நேர்நின்ற போரில் அதிசூரன் ஏனாதியை வென்றான் என்று உலகம் பேசும். அங்கே சான்று சொல்ல ஒருவரும் இல்லை. அதிசூரன் ஊருக்குள் வந்து, வாளுக்கு வாள் நின்று வீழ்த்தினேன் என்று மார்தட்டினால் மறுப்பார் யார்?

வீரர்க்கு உயிரை விடுதல் அரிதன்று. களந்தோறும் விடுகின்றனர், நடுகல்லாகி நிற்கின்றனர். பெயரை விடுதலே அரிது. தோலாத ஆசிரியர் என்னும் பெயரே வாளாசிரியனுக்கு நிலமும் பொன்னும். முதனாள் அத்தனை உயிர்கள் மடிந்தது அப்பெயர்க்காகவே. அப்பெயரை, தம்மைக் கொல்பவன்மேல் ஒரு பழிச்சொல் விழாதிருத்தற்பொருட்டு, ஏனாதிநாதர் அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். உயிரை ஒரு கையாலும் புகழை ஒரு கையாலும் கொடுத்தவரைத் துணிவற்றவர் என்பது எந்நாட்டு வீரநூல் முறை? படைமுறையின் வரம்பை முற்றக் கற்ற ஆசிரியர்க்கன்றி, அவ்வரம்பு பகைவனாற் சிதையாமலும் தாம் பார்த்துக்கொள்ளவேண்டும் என்னும் நினைவு அந்நொடியிற் தோன்றுமா? அவர் அன்றைக்கும் வாளாசிரியரே. கடைசிப் பாடத்தை மாணாக்கர் காணாவிடத்தில் நடத்தினார்.

ஆசான் இவையனைத்தையும் திண்ணையில் அமர்ந்து பொறுமையாகக் கேட்டார். பின்னர், "எனக்கு விளங்குகிறது, ஐயா. பையன்களுக்கு நான் சொன்னால் ஏறாது, அவர்கள் கேட்டது மேடையில்" என்றார். அதுவும் உண்மையே. ஆதலின் வரும் புரட்டாசி உத்திராடத்தன்று அவருடைய சிலம்பக்கூடத்திலேயே ஏனாதிநாத நாயனார் புராணம் நாற்பத்திரண்டு செய்யுளையும் ஒன்றுவிடாது படித்துப் பொருள் கூற இசைந்திருக்கின்றேன். எதிர்க்கூடத்தாரையும் அழைக்கவேண்டும் என்றேன். ஆசான் நெடுநேரம் தரையை நோக்கியிருந்தார். பின்பு, அழைப்பைப் பிறர் கையிற் கொடுத்தனுப்பாமல் தாமே நேரிற் சென்று கொடுப்பதாகக் கூறி எழுந்து சென்றார். கொடுத்தும் வந்துவிட்டார். அவர்கள் வருவார்களோ மாட்டார்களோ, இன்னும் விடையில்லை.

சொற்பொழிவாற்றிய அன்பரையும் அன்று வருமாறு இதன்வாயிலாக அழைக்கின்றேன். வர இயலாதாயின் இப்பத்திரிகையிலேயே மறுமொழி எழுதுக. எழுதுங்கால், தாம் கூறிய மூன்று குற்றங்களும் எந்தெந்தச் செய்யுளிலிருந்து பெறப்பட்டன என்பதை எண்ணிட்டுக் காட்டுக.

திருச்சிற்றம்பலம்.